மேலத்தெருக் குதிரையும் கீழத்தெருப் பிலோமினம்மாளும்

போன வாரம் ஆனையூரில் எங்கள் தெருமுக்குப் பழைய இரும்புக்கடையில் ஒரு பாதாளக்கரண்டி தொங்கிக்கொண்டிருந்தது. கிணற்றில் வாளியோ குடமோ விழுந்துவிட்டால் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவி எடுப்போமே, பல பக்கமும் கொக்கி வளைந்த அந்த இரும்புச் சாமான். கிணறு தூர்ந்த வீட்டிலிருந்து எடைக்கு வந்திருக்கும். நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் பைக்கை நிறுத்திய ஒரு பையன், "சார், இது கப்பல் நங்கூரமா? ஹால்ல மாட்டுனா சூப்பரா இருக்கும்" என்றான்.

நியாயமாக எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். அந்தப் பையன் மேல் இல்லை, பாவம், அவன் கிணற்றடியையே பார்த்திருக்க மாட்டான். நாற்பது வருஷத்துக்கும் முன்னால் ஒரு தெருப் பெண்கள் மொத்தமும் இதே தப்பைத் திருப்பிப் போட்டுச் செய்தார்கள். நங்கூரத்தைப் பார்த்துப் பாதாளக்கரண்டி என்றார்கள். அந்தத் தப்பை நம்பி ஒரு சாமியை வைத்துக் கும்பிட்டார்கள். அந்தச் சாமியை அவர்களிடமிருந்து பிடுங்கிய கதைதான் எனக்குள் இன்னும் ஆறாமல் கிடக்கிறது. பிடுங்கிய கைகளில் என் கையும் ஒன்று. அதனால்தான் ஆறவில்லையோ என்னவோ.

எழுபதுகளின் கடைசியில் நான் மதுரையில், தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சாபீஸில் கம்பாசிட்டர். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரி கோக்கிற வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அப்புறம் படித்ததெல்லாம் அந்த எழுத்துப் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டே படித்ததுதான். மண்ணெண்ணெயும் மையும் கலந்த அந்த வாடை இன்றைக்கும் எங்காவது அடித்தால் எனக்கு உடனே ரோமாபுரி ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

எங்கள் அச்சாபீஸுக்கு வேதக்கோயில் வேலைகள் நிறைய வரும். ஜெபப் புத்தகம், நவநாள் புத்தகம், திருவிழா நோட்டீஸ், புனிதர் சரித்திரம். ஈய எழுத்து கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத் திரும்பி இருக்கும். வரியையும் தலைகீழாக வைத்துத்தான் வாசிக்க வேண்டும். ஆகவே வேதத்துக்காக உயிரைவிட்ட வேதசாட்சிகள் அத்தனை பேரையும் நான் தலைகீழாகத்தான் படித்தேன். இரும்புக் கட்டிலில் போட்டுச் சுட்டபோது, ஒரு பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடுங்கள் என்று சொன்ன லவுரேந்தியார். பிடுங்கிய கண்களைத் தட்டில் ஏந்தி நிற்கிற லூசியம்மாள். அம்பு பாய்ந்தும் சாகாத செபஸ்தியார். செபஸ்தியாரைக் கோத்த அன்று என் கண்ணில் தண்ணீர் வந்து எழுத்து மங்கிவிட்டது. முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னடா, எழுத்துக் கோக்குறியா, எழவு கூட்டுறியா?" என்றார். நான் எங்கள் ஊர் அய்யனாரைக் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளை. ஆனாலும் அடிவாங்கிச் செத்தவர்கள் என்றால் எந்த மதத்துக்காரர் ஆனாலும் எனக்கு மனசு இளகிவிடும்.

அந்த அச்சாபீஸ் சுவரில் வரிசையாக ஆணிகள் அடித்திருக்கும். சரிபார்க்க எடுத்த ப்ரூஃப் தாளை அதில் குத்தி வைப்போம். கல்யாணத்துக்கு ஓர் ஆணி, கருமாதிக்கு ஓர் ஆணி, கட்சிக்கு ஓர் ஆணி, வேதக்கோயிலுக்கு ஓர் ஆணி. தலையில் சிலுவை போட்ட தாள் எல்லாம் அந்தக் கடைசி ஆணிக்குப் போகும். சனிக்கிழமை உபதேசியார் வருவார். பங்குச் சாமியாருக்குக் கூடமாட ஒத்தாசையாக இருந்து, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். அந்த ஆணியில் இருப்பதை எடுத்துக்கொண்டு போவார். சாமியார் படித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் மிஷினில் ஏற்றுவோம். அவர் பார்க்காமல் சிலுவை போட்ட தாள் எதுவும் எங்கள் வாசலைத் தாண்டாது.

அந்தச் சாமியாரின் ஊர் திருமங்கலம் தாண்டி, டி. கல்லுப்பட்டி போகிற பாதையில் பிரிகிறது. பெயர் சொல்ல மாட்டேன். அங்கே இயேசுவின் சீடர் சந்தியாகப்பருக்குப் பெரிய கோயில். வெள்ளைக் குதிரை மேல், கையில் வாளை ஓங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆடி மாதத்தில் அவருக்குத் திருவிழா. மேலத்தெருக்காரர்கள் வீட்டுக்கு வீடு மண்டகப்படி வைத்துச் சப்பரத்தை நிறுத்தி மாலை போடுவார்கள். கீழத்தெருவின் முனை வரைக்கும் சப்பரம் வரும். வந்து, அங்கே இருந்த ஒரு வேப்பமரத்தோடு திரும்பிவிடும். அதற்கு அந்தப் பக்கம் கூலிக்குக் களையெடுக்கிற, கதிர் அறுக்கிற சனங்கள். அவர்களும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான், அதே கோயிலில்தான் பூசை பார்ப்பார்கள், இடது ஓரத்தில் கடைசியாக உட்கார்ந்து. நான் இதை ரொம்ப யோக்கியன் மாதிரிச் சொல்லக் கூடாது. எங்கள் ஊர் அம்மன் சப்பரமும் எந்தத் தெரு முனையோடு திரும்பும் என்று எனக்குத் தெரியும். சப்பரத்துக்கு முன்னால் சின்ன வயதில் நானும் ஆடிக்கொண்டு போயிருக்கிறேன், திரும்புகிற இடத்தில் நானும் திரும்பியிருக்கிறேன்.

நோட்டீஸ் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் தடவை அந்த ஊருக்குப் போனபோது வழி தவறிக் கீழத்தெருவுக்குள் நுழைந்துவிட்டேன். சித்திரை வெயில். ஓட்டுக் கூரை போட்ட ஒரு சின்னக் கோயில் வாசலில் குடத்தோடு நின்ற அம்மா, "என்ன தம்பி, நாக்கு வெளிய வந்துருச்சு? இந்தா குடி" என்று செம்பை நீட்டினாள். குடித்துவிட்டு நிமிர்ந்தால் உள்ளே ஒரு சொரூபம். பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளை, தலையில் பூமுடி, காலடியில் நங்கூரம்.

"யாரு அக்கா இது?"

"எங்க அம்மா. பிலோமினம்மா. என் பேரும் அதுதான். இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு அதுதான் பேரு. பிலோமின்னு கூப்புட்டா பத்து வீட்டுலருந்து எட்டிப் பாப்பாளுக."

பிலோமி அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். கை ரெண்டும் சேற்றுப்புண். வாய் மட்டும் ஓயாது. எனக்கு அப்படிப்பட்ட ஆட்கள் கிடைத்தால் விடுவேனா? உட்கார்ந்துவிட்டேன். அவள் கதை சொன்னாள். ரோமாபுரி ராசா அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொள்ளக் கேட்டானாம்.

"கெழட்டு ராசா தம்பி. மூணு பொண்டாட்டிக்காரன் மாதிரி மூஞ்சி. இவ மாட்டேன்னுட்டா. சவுக்கால அடிச்சான், காயம் ஆறிருச்சு. அம்பு விட்டான், அம்பு திரும்பிப் போயி விட்டவனையே குத்துச்சு. கழுத்துல பாதாளக்கரண்டியக் கட்டி ஆத்துல எறிஞ்சான். வானத்துலருந்து சம்மனசுக எறங்கி வந்து கயித்த அறுத்துவிட்டாக. அவ நனையாம நடந்து வந்தா. அந்தக் கரண்டியத்தான் இந்தா, இங்கயே வச்சுக்கிட்டா."

"அது பாதாளக்கரண்டி இல்லக்கா, நங்கூரம். கப்பலை நிறுத்துற சாமான்." தலைகீழாகப் படித்த என் படிப்பைக் காட்டாமல் இருக்க முடியுமா எனக்கு?

"கப்பலா? எந்தக் கண்மாயில ஓடுது உங்க கப்பலு?" என்று கேட்டாள். பின்னால் உட்கார்ந்து முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் அதோடு வாயை மூடினேன்.

அப்புறம்தான் தெரிந்தது, அது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை என்று. அந்தத் தெருவில் குடம் கிணற்றில் விழுந்தால் அவள் பெயரைச் சொல்லித்தான் கரண்டியை இறக்குவார்கள். குடத்துக்கு மட்டுமில்லை. பிலோமி அக்காவின் மகள் நாலு வயதில் தோட்டத்துக் கிணற்றில் விழுந்துவிட்டாளாம். நீச்சல் தெரிந்த ஆம்பளைகள் எல்லாம் அறுப்புக்குப் போயிருந்தார்கள். இவள் கரண்டியை இறக்கித் துழாவியிருக்கிறாள். "அம்மா, உன் கரண்டிதான்னு ஒரே கத்து தம்பி. பாவாடைக் கொசுவத்துல மாட்டி மேல வந்தா. இப்ப அவளுக்கே ரெண்டு பிள்ளை." நேர்ச்சையாகப் புதுப் பாதாளக்கரண்டியும் செய்து கோயில் உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தாள். திருவிழாச் சப்பரத்திலும் பூமாலைக்கு நடுவே கரண்டிதான் தொங்கும். உலகத்தில் வேறெங்கேயும் பிலோமினம்மாளுக்கு அப்படி ஒரு சோடனை நடந்திருக்காது.

மேலத்தெருச் சப்பரம் வராது என்று ஆன பிறகு அந்தத் தெருப் பெண்கள் தாங்களாகத் தேடிக்கொண்ட சாமி அவள். தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, வருஷக்கணக்கில் சேர்த்து, மதுரைக்கு வந்து சொரூபம் வாங்கியிருக்கிறார்கள். பஸ்ஸில் பிலோமி அக்கா மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம். கண்டக்டர் நக்கலாக, "இந்த அம்மாவுக்கு டிக்கெட்டு?" என்றிருக்கிறான். "மடியில இருக்குற பிள்ளைக்கு என்னய்யா டிக்கெட்டு?" என்று இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். திருமங்கலத்தில் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டதில் சொரூபத்தின் வலதுகைச் சுண்டுவிரல் உடைந்துபோனது. ஒட்டவேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். "எங்க கையும் முழுசா இல்லையே" என்றாள்.

இந்த நேரத்தில்தான் புதுப் பங்குச் சாமியார் வந்தார். வெளிநாட்டில் படித்தவர், மோட்டார் சைக்கிள் ஓட்டுவார். கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். கீழத்தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வீடு வீடாக நடந்தவர். கெட்டவன் செய்திருந்தால் நாலு வசவு வைதுவிட்டு மறந்திருப்பேன். நல்லவர் செய்தது மறக்கமாட்டேன் என்கிறது.

சந்தியாகப்பர் திருவிழா நோட்டீஸைக் கொண்டுபோன அன்று நான் பார்த்தேன். கீழத்தெருக் கோயில் வாசலில் பெண்களை உட்காரவைத்துச் சாமியார் நின்று பேசிக்கொண்டிருந்தார். நிதானமான, படித்த குரல்.

"இந்த அம்மாளுக்கு ஆதாரம் இல்லை. ரோமாபுரியில் பூமிக்கடியில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். உள்ளே ஒரு சின்னப் பெண்ணின் எலும்பு. மூடியிருந்த ஓட்டில் இந்தப் பெயர், பக்கத்தில் நங்கூரப் படம், அம்புப் படம். அதை வைத்துப் பிற்பாடு வந்தவர்கள் கதை கட்டிவிட்டார்கள். அந்த ஓடே வேறு கல்லறையில் கிடந்ததாக இருக்கலாம். மேலிடத்திலேயே திருநாள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் இனிமேல் இந்தப் பெயரில் நமக்குத் திருவிழா வேண்டாம்."

பிலோமி அக்கா எழுந்து நின்றாள்.

"எலும்பு கெடந்தது நெசந்தான சாமி?"

"எலும்பு நிஜம்தான் அம்மா. யாருடைய எலும்பு என்றுதான் தெரியாது."

"யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைதான?"

"இருக்கலாம்."

"பேரு தெரியாமச் செத்துப்போன பிள்ளைக எங்க தெருவுலயும் அம்புட்டு இருக்கு சாமி. பேரு தப்பாப் போச்சுன்னா பிள்ளையே இல்லைன்னு ஆயிருமா?"

சாமியார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். கூட்டத்திலிருந்து ஒரு கிழவி, "அப்ப நம்ம பிலோமி இல்லாத ஆளாம்டி. நாளைக்குக் களையெடுக்க மட்டும் வந்துருவா, கூலி கேட்டா ஆதாரம் இல்லைன்னுருவாக" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு என்றா சொன்னேன்? இல்லை, அது வேற சத்தம்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். "சாமி, நான் அச்சுக் கோக்கிறவன். சுவிசேஷமும் கோத்திருக்கேன். சந்தியாகப்பர் வலை பழுதுபாத்துக்கிட்டிருந்த மீன்காரர்னுதானே அதுல இருக்கு? அவருக்குக் குதிரை ஏது, வாள் ஏது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்பான சிரிப்புதான், அதுதான் எரிகிறது. "அது மரபு, தம்பி" என்றார்.

மேலத்தெரு என்றால் மரபு. கீழத்தெரு என்றால் ஆதாரம். கடலில் துடுப்புப் போட்டவரைக் குதிரையில் ஏற்றி, கையில் வாளும் கொடுத்து, ஊர் சுற்றிக் காட்டலாம். எவனும் தஸ்தாவேஜு கேட்கமாட்டான். கேட்டால் மண்டகப்படிக்காரர்கள் மறுநாளே சாமியாரை மாற்றச் சொல்லி மதுரைக்குக் கார் ஏறிவிடுவார்கள். ஒரு பிடி அரிசியில் வந்த பிள்ளைக்குத்தான் எலும்பையும் ஓட்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும். எனக்குச் சரித்திரம் மேல் கோபமில்லை ஐயா. உண்மையைத் தோண்டுகிறவர்கள் தோண்டட்டும். தோண்டுகிற கடப்பாரை எப்போதும் கீழத்தெருவிலேயே விழுகிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சந்தியாகப்பர் திருவிழா முடிந்த மறுநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பிலோமி அக்கா ரெண்டு பெண்களோடு அச்சாபீஸுக்கே வந்துவிட்டாள். கூட அவள் கொழுந்தன் சவரிமுத்து. பெரிய கோயிலில் மணியடிக்கிற வேலை அவனுக்கு. அந்தத் தெருவில் கோணாமல் எழுதத் தெரிந்தவனும் அவன்தான். நோட்டீஸ் வாசகத்தை ஒரு நோட்டுத்தாளில் எழுதி வைத்திருந்தான்.

"பத்து நாள்ல எங்க அம்மா திருவிழா. சாமி வராட்டிப் போறாரு. நாங்களே கொடியேத்தப் போறோம். நீ நோட்டீஸ் அடிச்சுக் குடு தம்பி" என்றாள் அக்கா.

முதலாளி காதில் விழுந்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கோயில் வேலை அம்புட்டும் போயிரும்டா." துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் வீட்டுக்குச் சாப்பிடப் போறேன். நான் எதையும் பாக்கல." நல்ல மனிதர். அதற்குமேல் நல்லவராக இருக்க அவருக்கு வசதியில்லை.

என் வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாக எதையும் கோத்ததில்லை. தலையில் சிலுவை. புனிதர் என்பதற்கு அந்தக் காலத்தில் போடுகிற "அர்ச்சியசிஷ்ட" என்ற சொல்லை என் விரல் கண்ணை மூடிக்கொண்டே பொறுக்கும். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் பிலோமினம்மாள். "இப்படிக்கு"க்குக் கீழே "இறைமக்கள்" என்று சவரிமுத்து எழுதியிருந்தான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க பேரு அம்புட்டையும் போடு. நாளைக்கு யாரும் இல்லைன்னு சொல்லக் கூடாதுல்ல." போட்டேன். பிலோமினா, பிலோமினா, பிலோமினா என்று வந்துகொண்டே இருந்ததில் என் பெட்டியில் "லோ"வுக்கான எழுத்து தீர்ந்துபோய்விட்டது. வேறு அளவு எழுத்தைப் பக்கத்துப் பெட்டியிலிருந்து திருடிச் செருகினேன். கடைசி மூன்று பிலோமினாக்கள் மட்டும் கொஞ்சம் குண்டாக நின்றார்கள்.

ஒரு ப்ரூஃப் எடுத்தேன். ஓரத்தில் பேனாவால் ரெண்டு திருத்தம் போட்டேன். கை பாட்டுக்கு அதைக் கொண்டுபோய் ஆணியில் குத்தியது.

எந்த ஆணியில் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. சிலுவை போட்ட தாள். நாலு வருஷப் பழக்கம்.

சனிக்கிழமை உபதேசியார் வந்தார். அவர் வந்தாலே எனக்குக் கொண்டாட்டம், ஊர்க்கதை நிறைய வைத்திருப்பார். அன்றைக்கு நான் அவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்ட கதையைத்தான். எவ்வளவு பெரிய மடையன் பாருங்கள். வாய் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க, கை ஆணியில் இருந்ததை மொத்தமாக உருவி, நாலாக மடித்து, அவர் பையில் வைத்தது. "வாரேன் தம்பி" என்று போய்விட்டார்.

திங்கட்கிழமை மிஷினில் ஏற்றினேன். புதன்கிழமை நோட்டீஸ் கட்டோடு ஊருக்குப் போனேன். மறுநாள் கொடியேற்றம்.

கீழத்தெருக் கோயில் வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கணுக்கால் வரை வயல் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. களையெடுக்கப் போயிருந்த நேரத்தில் மேலத்தெரு ஆட்கள் நாலு பேர் மாட்டுவண்டியோடு வந்திருக்கிறார்கள், கூடச் சாமியார். வீட்டில் இருந்த கிழவிகளிடம், பெயிண்ட் அடித்துக் கொண்டுவருகிறோம் என்று அந்த ஆட்கள் சொன்னார்களாம். சாக்குப் பையைச் சுற்றி, வைக்கோலில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போயாயிற்று. பீடத்தில் மெழுகு சொட்டிய வட்டம் மட்டும் இருந்தது. அதற்கு மேலே உத்தரத்தில் கரண்டி ஆடிக்கொண்டிருந்தது.

"யாரோ சொல்லிக் குடுத்துட்டாக தம்பி" என்றாள் பிலோமி அக்கா. அழவில்லை. "சாமி கையில தாளு வச்சிருந்தாராம். நம்ம நோட்டீசுதான். ஒரு பக்கம் அச்சு, ஓரத்துல பேனாக் கிறுக்கலு. எங்க அம்புட்டுப் பேரையும் வாசிச்சுக் காட்டிட்டுப் போயிருக்காரு."

நான் நோட்டீஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

கோயிலுக்குப் பக்கவாட்டில் சவரிமுத்து தனியாக நின்றான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. "மணியடிக்கிற கைதான தாளையும் கொண்டுபோயிக் குடுத்துருக்கும்" என்றாள் ஒருத்தி, அவன் காதில் விழும்படி. "சத்தியமா நான் இல்ல மதினி" என்றான் அவன். பிலோமி அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதுனவன் நீ. பெரிய கோயிலுக்குத் தெனம் போறவனும் நீ. வேற யாரு இருக்கா?" என்றாள்.

நான் இருந்தேன். மூன்றடி தூரத்தில், கக்கத்தில் நோட்டீஸ் கட்டோடு நான்தான் இருந்தேன். பேச்சுக்கு ஒருநாளும் பஞ்சம் வராத வாய் இது; சுடுகாட்டுக்குப் போனாலும் நாலு பேரைச் சிரிக்கவைக்கிற வாய். அன்றைக்கு அது திறக்கவில்லை. சொன்னால் முதலாளி வேலையை விட்டு அனுப்புவார் என்ற பயமா? அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயமா? கட்டைப் படியில் வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போறேன்க்கா" என்று சொன்னேன். எந்தப் பஸ்ஸும் இல்லை அந்த நேரத்துக்கு. ரோட்டு முனையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

ரெண்டு வருஷம் கழித்து வேறொரு வேலையாக அந்த ஊருக்குப் போனேன். மேலத்தெருவில் புதிதாக ஒரு மாதா கெபி கட்டியிருந்தார்கள், குகை மாதிரி, பாறை மாதிரி சிமெண்டு பூசி. உள்ளே நீல முக்காடு போட்ட மாதா. எதிரே ரோட்டின் அந்தப் பக்கம், களைக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, பிலோமி அக்கா நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைத் தாங்க முடியாமல் நான் கெபியைப் பார்த்தேன். மாதாவின் வலது கையைப் பார்த்தேன். சுண்டுவிரல் இல்லை.

"பாத்தியா?" என்றாள். "பூமுடிய எடுத்துட்டு முக்காடு போட்டுட்டாக. காலடியில இருந்ததச் செதுக்கித் தள்ளிட்டாக. மூஞ்சிய மாத்த முடியல. என் பிள்ள மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

ஆதாரம் இல்லாத ஆள், ஐயா. இல்லவே இல்லாத ஆள். ஆனால் பெயிண்ட் அடித்தால் மேலத்தெருவுக்கு ஆவாள்! இதைச் செய்யச் சாமியார் சொல்லியிருக்க மாட்டார், அவர் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். யார் சொல்லிச் செய்தார்களோ. கிடங்கில் சும்மா கிடக்கிறதே என்று எவனாவது சிக்கனக்காரன் யோசித்திருப்பான்.

"உள்ள போயிக் கும்பிடலையாக்கா?"

"எதுக்கு? இங்கருந்தே அவளுக்கு என்னயத் தெரியும்."

சவரிமுத்து எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். முகம் மாறியது. முற்றத்துக்கு நடுவே சுவர் வைத்துவிட்டதாகச் சொன்னாள். அவன் வீட்டு நல்லது கெட்டதுக்குத் தெருவில் யாரும் போவதில்லையாம். அவன் மணியடிக்கிற வேலையை விட்டுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போகிறானாம். "கூடப் பொறந்த தம்பியா நெனச்சிருந்தேன் தம்பி. நம்ம ஆளே நம்மளக் காட்டிக்குடுத்தா என்ன செய்ய?"

"அக்கா" என்றேன்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா."

இதுதான் நான் பேசியது. இதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. மரபு என்று சொன்ன சாமியார் மேல் நான் கோபப்பட்டேன், வண்டி கட்டி வந்தவர்கள் மேல் கோபப்பட்டேன், ரோமாபுரியில் பட்டியல் போடுகிறவர்கள் மேல்கூடக் கோபப்பட்டேன். அத்தனை கோபமும் ஒரு மனிதனுக்கு, அவன் செய்யாத தப்பிலிருந்து, விடுதலை வாங்கிக் கொடுக்கவில்லை. அதற்கு என் வாயிலிருந்து ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

இரும்புக்கடையில் அந்தப் பையனைப் பார்த்த மறுநாள் நான் பஸ் ஏறி, திருமங்கலம் போய், அங்கிருந்து அந்த ஊருக்குப் போனேன். இந்த வயதில் என்ன அவசரம் என்று வீட்டில் கேட்டார்கள். கீழத்தெருவே அடையாளம் தெரியவில்லை. வேப்பமரம் இல்லை. ஓட்டுக் கோயில் இருந்த இடத்தில் ரேஷன் கடை. கெபியில் பளபளவென்று ஃபைபர் மாதா, பத்து விரலும் முழுசாக. பழையது என்ன ஆனது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பிலோமி அக்கா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். அவள் மகள் எங்கோ வடக்கே மகனோடு இருக்கிறாளாம். சவரிமுத்துவும் இல்லை. அவனுடைய மகன் இருந்தான். ஐம்பது வயது, பேரையூரில் மின்வாரிய வேலை, மாடி வீடு. நாற்காலி போட்டு உட்காரவைத்தான்.

நான் சொல்லிவிட்டேன். ஆணி, தாள், உபதேசியார், பை, எல்லாம். மூச்சுவிடாமல் சொன்னேன். "உங்கப்பா காட்டிக்குடுக்கலய்யா. அது நான். தெருவே அவரை ஒதுக்கி வச்சதுக்கு நான்தான் காரணம். இதை அப்பவே சொல்லியிருக்கணும்."

அவன் மரியாதையாக, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தான்.

"அப்பாவ யாரு ஒதுக்கி வச்சாக? அவரு யார்கூடயும் பேசமாட்டாரு, அது அவரு கொணம்னு நெனச்சோம்" என்றான். "எந்தச் சாமியச் சொல்றீக? பிலோமினம்மாவா? அப்பிடி ஒரு சாமி இந்தத் தெருவுல இருந்துச்சா?"

உள்ளே திரும்பி மனைவியிடம் கேட்டான். அவளுக்கும் தெரியவில்லை. கல்லூரியில் படிக்கிற மகள் செல்போனில் தட்டிப் பார்த்துவிட்டு, ரோமில் ஏதோ கல்லறை என்று வருகிறது என்றாள்.

"இருந்துச்சுப்பா" என்றேன்.

"சரிங்கய்யா" என்றான் அவன். "காப்பி குடிக்கிறீகளா, டீயா?"